முட்டுக்கட்டையும் வடமும்

திருவாரூர் ஆழித்தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரம். அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. வடம் பிடித்தவர்கள் "ஆரூரா, தியாகேசா" என்று குரல் கொடுத்து இழுக்கிறார்கள். தேர் அசையவில்லை. இன்னும் பலம் கூட்டுகிறார்கள். அப்போதும் இல்லை. பின்னாலிருந்து புல்டோசர் ஒரு முட்டு முட்டுகிறது. மரமெல்லாம் ஒரு தரம் முனகுகிறது, உச்சிக் கலசம் லேசாக ஆடுகிறது, தேர் நகர்ந்துவிடுகிறது. கிளப்பத்தான் அவ்வளவு பாடு. நகர்ந்தபின் இழுப்பது அத்தனை சிரமமில்லை. இனி கவலையெல்லாம் நிறுத்துவதைப் பற்றியது.

அந்தக் கவலை சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே கூட நடந்து வருகிறவருடையது. கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டை. சக்கரம் அதன் சரிவில் ஏறிக் கட்டையைத் தரையோடு அழுத்தும். கட்டை தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே கொஞ்ச தூரம் போகும். மரம் கருகிய வாசனை வரும், சில சமயம் புகையும் வரும். தேர் நிற்கும். திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இப்போது இந்தத் தேரில் உண்டு. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர் இல்லாமல் தேர் புறப்படாது.

உராய்வுக்கு நம் பாடங்கள் கொடுத்திருக்கும் வேடமும் இந்த முட்டுக்கட்டைதான்: இயக்கத்தை எதிர்க்கும் விசை. எட்டாம் வகுப்பில் நுழையும் இந்த வரி பிளஸ் டூ வரை தலையை விட்டு இறங்குவதில்லை. நீட், ஜே.இ.இ. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும் என்கிற நீட் கணக்கில், இந்த ஒரு வரியை நம்பி 5 மதிப்பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம்.

ஒரு வகுப்பில் நான் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன். சிமென்ட் தரையில் 25 கிலோ அரிசி சிப்பம் இருக்கிறது. தரைக்கும் சாக்குக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பத்தை நான் 60 நியூட்டன் விசையோடு கிடையாகத் தள்ளுகிறேன். உராய்வு விசை எவ்வளவு?

நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் எழுதிய விடை 125 நியூட்டன். செங்குத்து விசை 250, குணகம் 0.5, பெருக்கினால் 125. சூத்திரம் சரி, பெருக்கலும் சரி. "அப்படியானால் நான் 60 நியூட்டனில் முன்னால் தள்ள, தரை 125 நியூட்டனில் பின்னால் தள்ளுகிறது. மிச்சம் 65 நியூட்டன் என் பக்கம். தள்ளத் தள்ள மூட்டை என்னை நோக்கி வருமா?" என்றேன். வகுப்பு சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒரு மாணவி பேனாவை எடுத்து 125-ஐ அடித்துவிட்டு 60 என்று எழுதினாள்.

60தான். மூட்டை நகரவில்லை, ஆகவே அதன்மேல் நிகர விசை சுழி. நான் 20 நியூட்டனில் தள்ளியிருந்தால் உராய்வும் 20. தள்ளவே இல்லையென்றால் உராய்வும் இல்லை. மளிகைக்கடையில் உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் 5,000 ரூபாய் வரை கடன் தருவார்கள் என்று வையுங்கள். 200 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் 5,000 கட்ட வேண்டியதில்லை. குணகம் பெருக்கல் செங்குத்து விசை என்பது அந்தக் கடன் வரம்பு. ஓய்வுநிலை உராய்வு கேட்ட அளவுக்குக் கொடுக்கும், வரம்பு தாண்டினால் கையை விரிக்கும். இயற்பியலில் இப்படித் தன் அளவைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் விசைகள் சில உண்டு. செங்குத்து விசை ஒன்று, கயிற்றின் இழுவிசை ஒன்று. இவற்றுக்கெல்லாம் தனியாகச் சூத்திரம் தேடக்கூடாது. நியூட்டனின் இரண்டாம் விதியிடம் போய்க் கேட்க வேண்டும்.

இப்போது தள்ளுவிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 100, 110, 120. உராய்வும் கூடவே ஏறுகிறது. 125-ஐத் தொட்டு ஒரு துளி தாண்டியதும் சிப்பம் வழுக்குகிறது. வழுக்கத் தொடங்கிய கணமே உராய்வு விழுந்துவிடும், ஏனென்றால் இயக்க உராய்வுக் குணகம் பெரும்பாலும் ஓய்வுநிலைக் குணகத்தைவிடக் குறைவு. அது 0.4 என்றால் இப்போது எதிர்ப்பு 100 நியூட்டன்தான். நீங்கள் அதே 125-ஓடு தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள், 25 நியூட்டன் உபரி, வினாடிக்கு வினாடி 1 மீட்டர் வேகம் கூடுகிறது. பீரோவைத் தள்ளும்போது திடீரென்று அது நகர, நாம் குப்புற விழப்போவது இதனால்தான். தேர் உருளும் பண்டம் என்பதால் அதன் கணக்கில் சக்கரம் தரையில் அழுந்தியிருப்பது, அச்சு உரசுவது என்று இன்னும் சில சங்கதிகள் சேரும். ஆனால் கிளம்பும்போது ஒரு குலுக்கல், கிளம்பியபின் ஒரு லகு என்கிற சுபாவம் இரண்டுக்கும் ஒன்றே.

அளவு இப்படி. திசை இதைவிடப் பெரிய பொறி.

வடம் இழுப்பவரின் காலைப் பாருங்கள். வெறுங்கால். உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, பாதம் தார்ச்சாலையைப் பின்னோக்கி உதைக்கிறது. அந்தப் பாதம் பின்னால் வழுக்கிவிடாமல் சாலை அதை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த முன்தள்ளலின் பெயர் உராய்வு. 60 கிலோ எடையுள்ளவர், பாதத்துக்கும் சாலைக்கும் குணகம் 0.6 என்றால், சாலை அவருக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 360 நியூட்டன். வடம் கிடையாக இருந்தால், அவர் எத்தனை பெரிய பயில்வானாக இருந்தாலும் அதற்குமேல் நிலையாக இழுக்க முடியாது. பாசி பிடித்த குளத்துப் படியில் ஆயிரம் பேரை நிற்கவைத்து வடத்தைக் கொடுத்தால், தேர் நின்ற இடத்தில் நிற்கும், ஆயிரம் பேரும் குளத்தில் கிடப்பார்கள். ஆக, தேரை நிறுத்தும் முட்டுக்கட்டைக்குப் பின்னால் இருப்பதும் உராய்வு, தேரை ஓட்டும் வடத்துக்குப் பின்னால் இருப்பதும் உராய்வு.

உராய்வு எதிர்ப்பது இயக்கத்தை என்று எழுதிய இடத்தில் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள்: தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதை, அல்லது வழுக்க முயல்வதை, அது எதிர்க்கிறது. பொருள் மொத்தமாக எந்தப் பக்கம் போகிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் உங்கள் வீட்டில் நிற்குமானால் அதைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். பெடலை மிதிக்கிறீர்கள். சங்கிலி பின்சக்கரத்தைச் சுற்றுகிறது, டயரின் அடிப்பகுதி சாலையைப் பின்னோக்கித் தள்ளப் பார்க்கிறது, சாலை டயரை முன்னோக்கித் தள்ளுகிறது. பின்சக்கரத்தில் உராய்வு முன்னோக்கி. முன்சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது. சைக்கிள் அதை இழுத்துக்கொண்டு போகிறது, உருளாமல் வழுக்கிப்போகத்தான் அது பார்க்கும், அதைத் தடுத்து உருள வைக்கச் சாலை பின்னோக்கிப் பிடிக்கிறது. முன்சக்கரத்தில் உராய்வு பின்னோக்கி. ஒரே சைக்கிள், ஒரே ஓட்டம், இரண்டு சக்கரத்தில் இரண்டு திசை. இரண்டு பிரேக்கையும் பிடித்தால் இரண்டும் பின்னோக்கி. இந்தக் கேள்வி நுழைவுத் தேர்வுக் களத்தில் பல வேடங்களில் வரும்: கார் என்பார்கள், பின்சக்கர இயக்கம் என்பார்கள், ஸ்கூட்டர் என்பார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான். எந்தச் சக்கரத்தை எஞ்சின் சுற்றுகிறது?

லாரியில் ஏற்றிய மரப்பெட்டியும் அதே ரகம். லாரி வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வீதம் வேகமெடுக்கிறது, 50 கிலோ பெட்டி கூடவே போகிறது. பெட்டியை யார் முன்னால் தள்ளினார்கள்? லாரியின் தளம். எந்த விசையால்? உராய்வால். 50-ஐ 2-ஆல் பெருக்க 100 நியூட்டன், முன்னோக்கி. பெட்டி முன்னால் நகர்கிறது, விசையும் முன்னால், எனவே தரையில் நின்று பார்ப்பவருக்கு உராய்வு செய்யும் வேலை நேர்க்குறி. "உராய்வு எப்போதும் எதிர்க்குறி வேலையே செய்யும்" என்ற கூற்று சரியா தவறா என்று வரும் கேள்விக்கு இந்தப் பெட்டி போதும். குணகம் 0.4 என்றால் தளம் தரக்கூடிய உச்ச முடுக்கம் 4. இதில் பெட்டியின் நிறை அடிபட்டுப்போகிறது என்பதைக் கவனியுங்கள். காலிப்பெட்டியும் இரும்பு நிரப்பிய பெட்டியும் ஒரே முடுக்கத்தில்தான் வழுக்கத் தொடங்கும். லாரி ஓட்டுநர்கள் இதை நம்பமாட்டார்கள், பாரம் கனமாக இருந்தால் அசையாது என்பார்கள். இந்த விஷயத்தில் நான் சூத்திரத்தின் பக்கம்.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நெடிய கதை உண்டு. லியோனார்டோ டா வின்சி கட்டைகளை இழுத்துப் பார்த்துத் தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். அவை அச்சேறவில்லை, யாருக்கும் பயன்படவில்லை. இருநூறு ஆண்டு கழித்து, 1699-ல், இளம் வயதிலேயே செவித்திறன் இழந்த கியோம் அமோன்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் அதையே மறுபடி கண்டுபிடித்துச் சொன்னார். உராய்வு அழுத்தும் விசைக்கு ஏற்பக் கூடும் என்பதை ஒப்புக்கொண்டவர்களால், தொடும் பரப்பின் அளவுக்கும் உராய்வுக்கும் சம்பந்தமில்லை என்பதைச் செரிக்க முடியவில்லை. இன்னொருவரை விட்டுச் சோதிக்கச் சொன்னார்கள். அவருக்கும் அதே விடை கிடைத்தது. பிறகு ராணுவப் பொறியாளர் ஒருவர் ரோஷ்ஃபோர் கப்பல்துறையில் மரத்தையும் உலோகத்தையும் கயிற்றையும் வைத்து மாதக்கணக்கில் சோதனை செய்து 1781-ல் கழகத்தின் பரிசை வென்றார். அவர் பெயர் கூலூம். ஆமாம், நிலைமின்னியல் பாடத்தில் வரும் அதே கூலூம்தான். மின்னூட்டங்களுக்கு வந்தது அதன் பிறகு.

அமோன்தோனை நம்பாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் குறுகிய பக்கத்தில் நிறுத்தி இழுத்தாலும் ஒரே உராய்வு என்றால் யாருக்கும் உறுத்தும். அகலமாகத் தொட்டால் கூடுதல் பிடிப்பு இருக்க வேண்டாமா? இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று அழுத்துங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முழுப்பரப்பும் தொடுவதுபோல் தெரியும். உண்மையில் தொடுவது சில முள் நுனிகள் மட்டும். நுண்ணோக்கியின் கண்ணுக்கு எந்தப் பரப்பும் பலாப்பழம்தான், பளபளவென்று தேய்த்த உலோகம்கூட. செங்கல் படுத்திருக்கும்போது நிறைய நுனிகள் தொடுகின்றன, ஒவ்வொன்றிலும் அழுத்தம் கொஞ்சம். நிறுத்தினால் சில நுனிகளே தொடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் பலமாக நசுங்கி அகலமாகிறது. நிஜமாகத் தொடும் மொத்தப் பரப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. அது அழுத்தும் விசையைப் பொறுத்தது, செங்கல்லின் அளவைப் பொறுத்ததல்ல. கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் இருவரும் 20-ஆம் நூற்றாண்டில்தான் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அந்த நுனிகளில் இரு பொருள்களின் அணுக்களும் ஒட்டிக்கொள்கின்றன, இழுக்கும்போது அந்த ஒட்டுகள் அறுபடுகின்றன. மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்வதால்தான் உராய்வு என்று கைடுகளில் இருப்பது பாதிக்கதை. மேடுபள்ளம்தான் முழுக் காரணம் என்றால், தேய்க்கத் தேய்க்க உராய்வு இல்லாமலே போக வேண்டும். மிகச் சுத்தமான, மிக வழவழப்பான இரண்டு உலோகத் துண்டுகள் வெற்றிடத்தில் தொட்டால் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு. ரப்பர் டயர் போன்ற மென்மையான பொருள்கள் அமோன்தோன் விதிக்கு முழுதாகக் கட்டுப்படாது. தேர்வில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது ஒன்றன்மேல் ஒன்று வைத்த பொருள்களைப் பற்றி. உராய்வற்ற மேசைமேல் 3 கிலோ பலகை, அதன்மேல் 2 கிலோ செங்கல். இரண்டுக்கும் இடையே ஓய்வுநிலைக் குணகம் 0.4, இயக்கக் குணகம் 0.3. கீழே இருக்கும் பலகையை இழுக்கிறோம். இழுத்தால் செங்கல் கூட வருமா, பின்தங்குமா?

இதற்கு ஒரு நாட்டாமைத் தீர்ப்பு முறை உண்டு. முதலில் இரண்டும் ஒன்றாகவே போகின்றன என்று நம்பிவிடுங்கள். 10 நியூட்டனில் இழுத்தால் மொத்தம் 5 கிலோ, முடுக்கம் 2. செங்கல்லுக்கு அந்த முடுக்கம் கிடைக்க 4 நியூட்டன் வேண்டும், அதைக் கொடுக்க உராய்வைத் தவிர ஆளில்லை. உராய்வின் வரம்பு எவ்வளவு? 0.4 பெருக்கல் 20, அதாவது 8 நியூட்டன். கேட்டது 4, இருப்பது 8. நம்பியது சரி, விடை 4 நியூட்டன். இங்கே 8 என்று எழுதுபவர் அரிசி மூட்டைக்கு 125 எழுதியவரின் உறவுக்காரர்.

இப்போது 30 நியூட்டனில் இழுங்கள். ஒன்றாகப் போனால் முடுக்கம் 6, செங்கல் கேட்பது 12 நியூட்டன். கையிருப்பு 8. கட்டுப்படியாகாது, ஆகவே நாம் நம்பியது பொய். செங்கல் வழுக்குகிறது. வழுக்கிவிட்டால் இயக்க உராய்வின் ராஜ்ஜியம்: 0.3 பெருக்கல் 20, 6 நியூட்டன். செங்கல்லின் முடுக்கம் 3. பலகைமேல் அதே 6 நியூட்டன் பின்னோக்கி, மீதி 24-ஐ 3 கிலோவால் வகுக்க 8. தரையிலிருந்து பார்த்தால் செங்கல்லும் முன்னால்தான் போகிறது, பலகை அதைவிட வேகமாகப் போவதால் பின்தங்குகிறது. வரம்பு எந்த இழுப்பில் வரும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். 20 நியூட்டன் வந்தால் சரி.

பிரேக்கிலும் இந்த இரண்டு குணகங்களின் வித்தியாசம்தான் உயிர் காக்கிறது. உருளும் சக்கரத்தின் அடிப்புள்ளி அந்தக் கணத்தில் சாலையோடு ஓய்வில் இருக்கிறது, அங்கே வேலை செய்வது ஓய்வுநிலை உராய்வு. பிரேக்கை இறுக்கிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் வழுக்கும், இயக்க உராய்வுக்கு இறங்கிவிடுவோம், ஹேண்டிலும் பேச்சைக் கேட்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் ஏ.பி.எஸ். இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் 5 மீட்டரில் நிற்கும் வண்டி, பிரேக் பிடித்தபின், 60-ல் 20 மீட்டர் ஓடும்.

தேருக்கு ஹேண்டில் கிடையாது. தெருமுனையில் திருப்ப வேண்டுமென்றால் சக்கரங்கள் பக்கவாட்டில் வழுக்கியாக வேண்டும். 300 டன் என்றால் செங்குத்து விசை 30 லட்சம் நியூட்டன். குணகம் 0.5 என்றால் வரம்பு 15 லட்சம். தலைக்கு 300 நியூட்டன் வீதம் 5,000 பேர் ஒரே மூச்சில் இழுத்தாலே அசையும். திருவாரூரில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டுக் கிரீஸ் தடவிவிடுகிறார்கள். எடையைக் குறைக்க முடியாது, குணகத்தைக் குறைக்கலாம். கிரீஸ் பூசிய இரும்பில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு 1,000 பேர் போதும். இழுப்பவர்கள் காலில் மட்டும் அந்தக் கிரீஸ் படக்கூடாது.

முட்டுக்கட்டை புகைந்ததைச் சொன்னேன். தேர் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வருகிறது என்றால் அதன் இயக்க ஆற்றல் 37,500 ஜூல். அதை முழுக்க வெப்பமாக்கினால் ஒரு கிளாஸ் டீக்கு வேண்டிய தண்ணீர் கொதிக்கும், அவ்வளவே. இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது எங்கோ சுழியை விட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் சரிபார்த்தேன். சுழி சரியாகவே இருந்தது. கட்டை கருகுவது அந்தச் சிறிய வெப்பம் முழுவதும் உள்ளங்கை அகல மரத்தின் மேல்தோலில் சேர்வதால்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் பரீட்சை அட்டையை எடுங்கள். மேலே ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். நாணயம் வழுக்கும் கணத்தில் நிறுத்தி, தூக்கிய முனையின் உயரத்தையும், தரையில் ஊன்றிய முனையிலிருந்து அதற்கு நேர்கீழே வரை உள்ள தரைத் தூரத்தையும் ஸ்கேலால் அளந்து வகுங்கள். உயரம் 15, தூரம் 30 செ.மீ. என்றால் உங்கள் அட்டைக்கும் அந்த நாணயத்துக்கும் ஓய்வுநிலைக் குணகம் 0.5. பிறகு இரண்டு நாணயங்களைச் செலோடேப்பால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மறுபடி செய்யுங்கள். டேப் அடிப்பக்கம் வரவேண்டாம். விடை மாறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, வடம் இழுப்பவர் ஒருவருக்கும் தேருக்கும் தனித்தனியே விசைப்படம் வரைந்து, தரை தரும் உராய்வின் அம்புக்குறி ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் என்று போடுங்கள். இரண்டும் ஒரே திசையில் வந்தால் இந்த அத்தியாயத்தைச் சைக்கிளிலிருந்து மறுபடி படியுங்கள்.